கற்கண்டும் மாஞ்சா நூலும்

வா கண்ணு, இப்படிப் பக்கத்தில் உட்கார். போன மாதம் ஒரு தங்கச்சி எனக்குக் கடிதம் எழுதியிருந்தாள். ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கேள்வி அதைவிட அழகாக இருந்தது.

"மாமா, வெயில் சும்மாதானே கிடைக்கிறது? அப்புறம் ஏன் சோலார் கரண்ட் ரொம்ப விலை என்று முன்பெல்லாம் சொன்னார்கள்? இப்போது விலை குறைந்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். வெயில் மலிவாகிவிட்டதா?"

சபாஷ்! இப்படிக் கேட்கத் தெரிந்த பிள்ளைக்குப் பாதி விஞ்ஞானம் வந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

மழையை நினைத்துப் பார். மழையும் சும்மாதான் பெய்கிறது. ஆனால் அதைப் பிடித்துவைக்க ஓர் அண்டா வேண்டும். மழைக்குக் காசு இல்லை. அண்டாவுக்குக் காசு உண்டு. வெயிலும் அப்படித்தான். அதைப் பிடிக்கும் அண்டாதான் சோலார் பேனல். அந்த அண்டா எப்படி மலிவானது என்பதுதான் இன்றைக்கு நம் கதை.

முதலில் பேனலுக்குள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

உன் பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள். மத்தியானம். எல்லாப் பிள்ளைகளும் வகுப்பில் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். டாண் டாண் என்று மணி அடிக்கிறது. உடனே என்ன ஆகும்? எல்லாரும் துள்ளி எழுந்து ஓடுவார்கள் இல்லையா?

பேனலுக்குள் சிலிக்கான் என்ற பொருள் இருக்கிறது. அதில் எலெக்ட்ரான் என்ற மிக மிகச் சிறிய துகள்கள் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. வெயில் வந்து விழுவதுதான் மணி. எலெக்ட்ரான்கள் இடத்தை விட்டு எழுந்துவிடும்.

ஆனால் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினால் பயனில்லை. பள்ளியில் ஒரு வாசல் இருக்கிறது. அது வெளிப்பக்கம் மட்டுமே திறக்கும் என்று வைத்துக்கொள். அப்போது கூட்டம் ஒரே திசையில் போகும். சிலிக்கானின் ஒரு பக்கத்தில் துளியூண்டு பாஸ்பரஸும் மறுபக்கத்தில் துளியூண்டு போரானும் கலந்து அப்படி ஒரு வாசலை உண்டாக்குகிறார்கள். வாசல் வழியாகப் போன எலெக்ட்ரான்கள் கம்பியில் ஓடி, உன் வீட்டு விளக்கை எரியவைத்துவிட்டு, பின்வாசல் வழியாகத் திரும்பி வந்து பழைய இடத்தில் உட்காரும். அடுத்த மணிக்குக் காத்திருக்கும். அந்த ஓட்டம்தான் கரண்ட்.

புரிகிறதா? வெயில் மணி. எலெக்ட்ரான் பிள்ளைகள். ஒருவழி வாசல். இந்த மூன்றும் மனதில் நின்றால் போதும். நிற்கவில்லை என்றால் மேலே போய் இன்னொரு தடவை படி. நான் இங்கேயே இருக்கிறேன்.

சரியாக வேலை செய்த முதல் சிலிக்கான் பேனல் அமெரிக்காவில் பிறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் டேரில் சேப்பின், கால்வின் புல்லர், ஜெரால்ட் பியர்சன் என்று மூன்று பேர் சேர்ந்து செய்தார்கள். 1954 ஏப்ரல் 25 அன்று அதை எல்லாருக்கும் காட்டினார்கள். அன்றைக்கு அது எதைச் சுற்றவைத்தது தெரியுமா? ஒரு குட்டி பொம்மை ராட்டினத்தை! விழுந்த வெயிலில் 100க்கு 6 பங்கை அது மின்சாரமாக மாற்றியது.

ஆனால் விலை? வீட்டில் வாங்கி மாட்டுகிற விலையே இல்லை. விண்வெளிக்குத்தான் கட்டுப்படியானது. 1958இல் வான்கார்டு 1 என்ற செயற்கைக்கோள் மேலே போனது. பம்பளிமாஸ் பழம் மாதிரி ஓர் உருண்டை, எடை சுமார் ஒன்றரைக் கிலோ. அதில் பேட்டரியில் ஓடிய கருவி சீக்கிரமே வாயை மூடிக்கொண்டது. சூரிய ஒளியில் ஓடிய கருவியோ 1964 வரை பூமிக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருந்தது. பேச்சு நின்றுபோனாலும் அந்த உருண்டை இப்போதும் நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

1970களின் நடுவில் ஒரு வாட் சக்தி உள்ள பேனலுக்கு, இன்றைய காசு மதிப்பில், 100 டாலருக்கு மேல் ஆனது. ஒரு வாட் என்பது ஒரு குட்டி விளக்கு எரிய ஆகும் அளவு. 2019இல் அதே ஒரு வாட் அரை டாலருக்கும் கீழே வந்துவிட்டது. அதற்குப் பிறகு இன்னும் இறங்கியிருக்கிறது.

100 எங்கே, அரை எங்கே! நடுவில் என்ன நடந்தது?

அதற்கு நாம் சமையலறைக்குப் போக வேண்டும். கற்கண்டு டப்பாவைத் திற.

பெரிய கற்கண்டை உடைத்தால் நடுவில் ஒரு நூல் இருக்கும், பார்த்திருக்கிறாயா? கெட்டியான சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிடுவார்கள். சர்க்கரை மெதுவாக அந்த நூலைப் பிடித்துக்கொண்டு படிகமாக வளரும். சிலிக்கானையும் ஏறக்குறைய இப்படித்தான் வளர்க்கிறார்கள்.

சிலிக்கான் எங்கே கிடைக்கிறது? மணலிலும் வெள்ளைக் குவார்ட்ஸ் கல்லிலும் இருக்கிறது. நாட்டில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஆனால் மணலில் அது ஆக்சிஜனைக் கெட்டியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பெரிய உலையில் கரியோடு சேர்த்துக் காய்ச்சிப் பிரிக்க வேண்டும். பிறகு அதைத் திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்த வேண்டும். பத்து லட்சம் அணுக்களில் ஓர் அந்நிய அணு இருந்தால்கூட அதிகம் என்கிற அளவுக்குச் சுத்தம்! அதற்கு நிறைய மின்சாரம் செலவாகும். மணல் மலிவு, சுத்தமான சிலிக்கான் மலிவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள், பிறகு தேவைப்படும்.

இந்தச் சுத்தமான சிலிக்கானை ஒரு கொப்பரையில் போட்டு 1414 டிகிரியில் உருக்குகிறார்கள். நாம் கொதிக்கவைக்கும் தண்ணீர் 100 டிகிரிதான்! அந்தக் குழம்பில் விரல் நீளத்துக்கு ஒரு 'விதைப் படிகத்தை' மேலிருந்து தொடவைத்து, சுற்றிக்கொண்டே, மெல்ல மெல்ல மேலே இழுப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு சிலிக்கான் வளரும். கடைசியில் ஆள் உயரத்தைவிட நீளமான, பளபளவென்று ஒரு தூண் கிடைக்கும். தூண் முழுவதும் ஒரே படிகம்!

இந்த வித்தையைக் கண்டுபிடித்தவர் போலந்துக்காரரான யான் சோக்ரால்ஸ்கி. 1916ஆம் ஆண்டு. அவர் மேசையில் எழுதிக்கொண்டிருந்தபோது, மைக்கூட்டில் தொடவேண்டிய பேனாவைக் கைமறதியாகப் பக்கத்தில் இருந்த உருக்கிய ஈயக் கிண்ணத்தில் தொட்டுவிட்டாராம். எடுத்துப் பார்த்தால் பேனா முள்ளில் மெல்லிய உலோக இழை தொங்கியது. 'அடடா, வீணாகிவிட்டதே' என்று துடைத்துப் போடாமல், இது என்ன என்று உற்றுப் பார்த்தார். அது வெள்ளீயம். அந்த இழை ஒரே படிகம். உன் மாதிரிக் கேள்வி கேட்கிற ஆள்தான் அவரும்.

முன்பு ஒரு தூண் இழுத்து முடித்ததும் கொப்பரையை ஆறவிடுவார்கள். ஆறினால் கொப்பரை வெடித்துவிடும். அடுத்த தூணுக்குப் புதிய கொப்பரை வேண்டும். இப்போது அடுப்பை அணைக்காமலேயே மேலே மேலே சிலிக்கானைப் போட்டு, ஒரே கொப்பரையில் தூணுக்குப் பின் தூணாக இழுக்கிறார்கள். சூடான கல்லிலேயே அடுத்தடுத்து தோசை வார்ப்பதுபோல. கொப்பரைச் செலவு குறைந்தது, காய்ச்சுகிற செலவும் குறைந்தது.

தூண் தயார். ஆனால் பேனலுக்குள் தூணை வைக்க முடியாதே! அதை மெல்லிய வில்லைகளாகச் சீவ வேண்டும். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது.

நேந்திரங்காய் சிப்ஸ் சீவுவதைப் பார்த்திருப்பாய். ஒரு காயைத் தடிமனாக வெட்டினால் இருபது துண்டு வரும். மெலிதாகச் சீவினால் நூறு வரும். காய் ஒன்றுதான், சிப்ஸ் ஐந்து மடங்கு. சிலிக்கான் வில்லை எவ்வளவு மெலிதோ, ஒரு தூணிலிருந்து அவ்வளவு கூடுதல் வில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. எங்கள் தெருமுனையில் ஒரு மரவாடி இருந்தது. சின்ன வயதில் அங்கே போய் நின்று, ரம்பத்தில் மரம் அறுப்பதை மணிக்கணக்காகப் பார்ப்பேன். அறுக்க அறுக்க மரத்தூள் கொட்டும். சாயங்காலம் அதைக் கூட்டிக் குவித்தால் என் இடுப்பு உயரம் வரும். அந்தத் தூள் எங்கிருந்து வந்தது? ரம்பம் போன வழியில் இருந்த மரம்தான் தூளாகியது. ரம்பம் தடிமனாக இருந்தால் தூள் அதிகம், பலகை குறைவு.

சிலிக்கானை அறுத்தாலும் தூள் வரும். அவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த சிலிக்கான்! முன்பு சரிபாதிக்குக் கொஞ்சம் குறைவாகத் தூளாகவே போய்க்கொண்டிருந்தது. நினைத்தாலே மனசு வலிக்கவில்லையா? எனக்கு வலிக்கும். தட்டில் போட்ட சோற்றில் பாதியைக் கீழே கொட்டுவதுபோல.

அப்போது எப்படி அறுத்தார்கள்? நீளமான எஃகுக் கம்பியை ஓடவிட்டு, அதன்மேல் கடினமான பொடி கலந்த ஒரு குழம்பை ஊற்றுவார்கள். கம்பி வெட்டாது, கம்பிக்கும் சிலிக்கானுக்கும் நடுவில் உருளும் பொடிதான் அராவி அராவி வழி உண்டாக்கும். அறுத்து முடிக்க வெகுநேரம் ஆகும். தூளும் பொடியும் குழம்பும் ஒன்றாகக் கலந்து சகதியாகிவிடும்.

இப்போது ஒரு கேள்வி. பொடி தனியே உருளாமல் கம்பியிலேயே ஒட்டியிருந்தால்?

காற்றாடி விடுகிறவர்களுக்கு விடை தெரிந்திருக்கும். மாஞ்சா நூல்! கண்ணாடித் தூளைப் பசையில் குழைத்து நூலில் ஏற்றுவார்கள். அந்த நூல் அடுத்தவர் காற்றாடியின் நூலைச் சரக்கென்று அறுத்துவிடும். ஆனால், கண்ணு, ஒன்று சொல்கிறேன், கேள். அதே நூல் சாலையில் போகிறவர்களின் கழுத்தையும் அறுத்திருக்கிறது, உயிர்கள் போயிருக்கின்றன. அதனால்தான் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. நீ சாதாரண நூலில் காற்றாடி விடு. மாஞ்சாவைத் தொடாதே.

தொழிற்சாலையில் அந்த மாஞ்சா நல்ல வேலை செய்கிறது. தலைமுடியைவிட மெல்லிய கம்பி. அதன்மேல் வைரத் துணுக்குகள். அவை விழாமல் இருக்க நிக்கல் உலோகப் பூச்சு. உலகத்திலேயே மிகக் கடினமான பொருள்களில் ஒன்று வைரம் அல்லவா? அது சிலிக்கானை நேராகவே வெட்டிக்கொண்டு போகும்.

அந்தக் கம்பியைப் பள்ளம் போட்ட உருளைகளில் பக்கத்தில் பக்கத்தில் நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள், தறியில் பாவு ஓடுவதுபோல. தூண்துண்டை அதில் அழுத்தினால் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வில்லைகள் விழும். அவித்த முட்டையை ஒரே அழுத்தில் வட்டம் வட்டமாக வெட்டும் கம்பிக் கருவி இருக்கிறதே, அதுபோல. கம்பி நொடிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடும். அதாவது 100 மீட்டர் ஓட்டப் பந்தயத்தை ஐந்தே நொடியில் முடித்துவிடும்! பழைய முறையைவிடப் பல மடங்கு வேகம். குழம்புக்குப் பதில் பெரும்பாலும் தண்ணீர்தான்.

இந்த வைரக் கம்பியை முதலில் ஜப்பானிய நிறுவனங்கள் செய்தன. விலை அதிகம். பிறகு சீனாவிலும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கம்பியின் விலை சரிந்தது. இன்று உலகத்துப் பேனல்களில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் சீனாவில்தான் உருவாகின்றன.

சரி, நோட்டை எடு. ஒரு கணக்கு போடுவோம். பயப்படாதே, வகுத்தல் மட்டும்தான்.

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உன் நோட்டுத் தாள் ஏறக்குறைய 100 மைக்ரான் தடிமன். முன்பு வில்லை 180 மைக்ரான், அறுக்கும்போது தூளாவது சுமார் 150. ஆக ஒரு வில்லைக்கு 330 மைக்ரான் செலவு. ஒரு மீட்டர் தூணில் 10,00,000 மைக்ரான் இருக்கிறது. வகுத்துப் பார். சுமார் 3,000 வில்லை வரும்.

இப்போது வில்லை சுமார் 130, தூள் சுமார் 60. மொத்தம் 190. மறுபடி வகுத்துப் பார். எவ்வளவு வந்தது? 5,200க்கு மேல் வந்திருந்தால் உனக்கு ஒரு கைதட்டல்!

அதே தூண். அதே உலை. வில்லை மட்டும் கூடுதலாக இரண்டாயிரம்.

இங்கே ஒரு சுட்டிப் பையன் கையைத் தூக்குவான் என்று எனக்குத் தெரியும். "மாமா, மெலிதாகச் சீவினால் வெயில் ஊடுருவி மறுபக்கம் போய்விடாதா?"

போய்விடும்! சரியாகப் பிடித்தாய். நீல ஒளியைச் சிலிக்கான் உடனே விழுங்கிவிடும். சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் ஆழமாகப் போகும். வில்லை மெலிந்தால் அவற்றில் கொஞ்சம் தப்பித்து ஓடிவிடும். எலெக்ட்ரான் பிள்ளைகளுக்கு மணி கேட்காமலே போய்விடும்.

அதற்கு மருந்து ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியர் இருக்கிறார். அவரும் அவர் மாணவர்களும் வில்லையின் முதுகில் ஒரு மெல்லிய பூச்சு பூசினார்கள். அது கண்ணாடிபோல வேலை செய்யும். தப்பிக்கப் பார்க்கும் ஒளியைத் திரும்ப உள்ளே அனுப்பும். அதோடு, எழுந்து ஓடிய எலெக்ட்ரான்கள் முதுகுப் பக்கத்தில் மாட்டிக்கொண்டு வீணாவதையும் அது தடுத்தது. இதற்கு 'பெர்க்' என்று பெயர். 1989இல் அவர்கள் செய்து காட்டிய வில்லை 100க்கு 22.8 பங்கு வெயிலை மின்சாரமாக்கியது. பொம்மை ராட்டினத்தின் 6 எங்கே, இது எங்கே!

ஆனால் இந்தப் பூச்சு தொழிற்சாலைகளில் பரவ இன்னும் இருபத்தைந்து வருடம் பிடித்தது. ஆய்வுக்கூடத்தில் விரல் அகல வில்லையில் செய்வது வேறு. கோடிக்கணக்கான வில்லைகளுக்கு மலிவாகச் செய்வது வேறு. 2023இல் அந்தக் குழுவின் மார்ட்டின் கிரீன், ஆண்ட்ரூ பிளேக்கர்ஸ், ஜியான்ஹுவா ஜாவோ, ஐஹுவா வாங் ஆகிய நால்வருக்கும் பொறியியலுக்கான எலிசபெத் ராணி பரிசு கொடுத்தார்கள். அந்த நால்வரை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். விதைத்த மாங்கொட்டை மரமாகிக் காய்த்ததைக் கண்ணாலேயே பார்த்தவர்கள் அவர்கள்.

மூச்சு வாங்கிக்கொள். தண்ணீர் குடி. இதுவரை சரிதானே?

விலை குறைய இன்னொரு காரணமும் உண்டு. அதை ரிச்சர்ட் ஸ்வான்சன் என்பவர் கவனித்தார். உலகில் இதுவரை செய்த பேனல்களின் மொத்த எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் குறைகிறது. ஏன்? அம்மாவைக் கேட்டால் சொல்வார்கள். முதன்முதலில் தோசை வார்த்த நாளில் எத்தனை பிய்ந்தது, இப்போது எத்தனை பிய்கிறது என்று! செய்யச் செய்யக் கை பழகும்.

நம் நாட்டில் 2010இல் தேசிய அளவில் சூரிய மின் திட்டத்தைத் தொடங்கிய புதிதில், பெரிய சோலார் நிலையங்களின் மின்சாரம் யூனிட் 10 ரூபாய்க்கும் மேல். 2017இல் ராஜஸ்தானின் பட்லாவில் அமையவிருந்த நிலையத்துக்கு ஒரு நிறுவனம் 2 ரூபாய் 44 காசுக்குத் தருகிறேன் என்று முன்வந்தது. 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு வரை வந்தது. குறைந்த வட்டிக் கடன், பரந்த இடம், நல்ல வெயில் எல்லாம் இதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பேனல் மலிவாகாமல் இது நடந்திருக்காது. ராமநாதபுரம் பக்கம் போனால் கமுதியில் 2016இல் அமைத்த நிலையத்தைப் பார்க்கலாம். சுமார் 25 லட்சம் பேனல்கள். வறண்ட பூமியில் கண்ணாடி வயல்!

இனி வரப்போவதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

பெரோவ்ஸ்கைட். எங்கே, சொல்லு பார்க்கலாம்: பெ-ரோவ்ஸ்-கைட். 1839இல் ரஷ்யாவின் யூரல் மலையில் இந்தக் கனிமத்தைக் கண்டெடுத்தார்கள். வேடிக்கை என்ன தெரியுமா? அதே 1839இல்தான் பிரான்சில் எட்மண்ட் பெக்கரல் என்ற 19 வயதுப் பையன் ஒளியிலிருந்து மின்சாரம் பிறப்பதை முதன்முதலில் கண்டான். இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்க 170 வருடம் ஆயிற்று. ஜப்பானில் சுடோமு மியாசாகா என்ற பேராசிரியரின் குழு, அந்தக் கனிமத்தின் அமைப்பைக் கொண்ட, ஆய்வுக்கூடத்தில் செய்த ஒரு பொருளால் 2009இல் மின்சாரம் எடுத்தது. கிடைத்தது 3.8 சதவீதம்தான். ஆனால் விட்டுவிடவில்லை.

அதில் என்ன விசேஷம்? உலை வேண்டாம், தூண் வேண்டாம், சீவவும் வேண்டாம். திரவமாகக் கரைத்து, தோசைமாவு தேய்ப்பதுபோல மெலிதாகப் பரப்பி, உலரவிட்டால் போதும். இதைச் சிலிக்கானுக்கு மேலேயே பரப்பினால், நீல ஒளியையும் பச்சை ஒளியையும் இது நன்றாகப் பிடிக்கும். சிவப்பைக் கீழே விட்டுவிடும். கீழே சிலிக்கான் காத்திருந்து அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாமரத்தின் கீழே இரண்டு வலை கட்டியிருக்கிறாய் என்று வைத்துக்கொள். மேல் வலையின் கண்ணி பெரிது. பெரிய மாங்காய்களைப் பிடிக்கும். கீழ் வலையின் கண்ணி சிறிது. நழுவிய பிஞ்சுகளைப் பிடிக்கும். ஒரு காயும் தரையில் விழாது.

சிலிக்கான் மட்டும் தனியாக எவ்வளவு முயன்றாலும் சுமார் 29 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். இந்த இரட்டை வலையோ ஆய்வுக்கூடத்தில் 34 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2024இல் ஆக்ஸ்போர்டு பிவி என்ற நிறுவனம் இப்படிப்பட்ட பேனல்களை விற்கவும் தொடங்கியது.

ஆனால் பெரோவ்ஸ்கைட்டுக்கு ஈரம் ஆகாது, சூடும் ஆகாது. மழையில் நனைந்த அப்பளம் மாதிரி. சிலிக்கான் பேனல் 25 வருடம் வெயிலிலும் மழையிலும் நிற்கும். இது அதுபோல் நிற்கவேண்டும். பெரும்பாலானவற்றில் கொஞ்சம் காரீயமும் இருக்கிறது. அது மண்ணில் கலக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். இதற்கெல்லாம் வழி தேடி உலகம் முழுக்க அக்காக்களும் அண்ணன்களும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீ வளர்ந்து வரும்போது அவர்களுக்கு ஒரு கை கொடுக்கலாம்.

இப்போது உனக்கு ஒரு வேலை. தெருவில் யார் வீட்டு மொட்டை மாடியிலாவது பேனல் தெரிகிறதா பார். கூரைமேல் ஏறக்கூடாது, தொடவும் கூடாது. கீழே நின்று பார்த்தால் போதும். நீலமாக, உடைந்த கற்கண்டுச் சில்லுகளைப் பரப்பியதுபோல உள்ளே மினுமினுத்தால், அது பல படிகங்கள் ஒட்டிய பழைய வகை. ஒரே சீராகக் கறுப்பாக இருந்தால், அது தூணாக இழுத்து, பெரும்பாலும் வைர மாஞ்சாவால் சீவிய வில்லை. முகத்தில் மெல்லிய கோடுகள் ஓடுமே, அவை வெள்ளி. எலெக்ட்ரான்கள் வெளியே ஓடிவரும் பாதை.

உங்கள் தெருவில் எத்தனை நீலம், எத்தனை கறுப்பு? எண்ணி எனக்கு எழுது. அந்தத் தங்கச்சிக்கும் இதே வேலையைத்தான் கொடுத்திருக்கிறேன். அவள் தெருவில் இதுவரை ஏழு கறுப்பும் ஒரு நீலமும் எண்ணியிருக்கிறாளாம்.